அத்தான் பழுது பார்த்த மோட்டார்

என் அக்கா கணவர் மோட்டார் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்பதுபோல இருப்பார். ஆனால் ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதும், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஊரில் இயக்கத்துக்கும் ராணுவத்துக்கும் சண்டை முற்றியபோது தப்பித்து நான் இருக்கும் இந்த நாட்டுக்கு வந்தார். ஏழு வருடமாக ஒரு சலவைக்கூடத்தின் பின்னறையில் துணி துவைக்கும் மெஷின்களோடு மல்லுக்கட்டினார். நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தால்தான் அக்காவையும் மகளையும் அழைத்துக்கொள்ள முடியும். அவர் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்ததே அதற்காகத்தான்.

விண்ணப்பத்தை நிரப்பியது நான். வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிப்பவள் என்பதால் சொந்தக்காரர்களுக்கு நான்தான் பாதி வக்கீல். அந்த மிதப்பு எனக்கும் உண்டு. ஊரை விட்டு வந்த காரணத்துக்கு அத்தான் இரண்டே வரி சொன்னார். படிப்பவர் மனசு கரைகிற மாதிரி எழுத வேண்டாமா?

“இயக்கத்துக்காரங்க துப்பாக்கியக் காட்டி உங்களக் கூட்டிட்டுப் போனாங்களே, அத எழுதலாம் அத்தான்.”

“தண்ணி மோட்டார ரிப்பேர் பண்ணதுதானே. அது எதுக்கும்மா, விடு.”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க.”

மூன்று தடவை, அவர்கள் முகாமிலேயே, நாள் முழுக்க என்று விவரமாக எழுதினேன். அத்தான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வக்கீலிடம் காட்டவும் எனக்குத் தோன்றவில்லை.

நடுவில் அத்தானை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எட்டு மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. அந்த இயக்கம் இந்த நாட்டு அரசின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருந்தது. அதற்குச் செய்த எந்த வேலையும் சட்டப்படி உதவிதான். மிரட்டலுக்குப் பயந்து செய்தாலும் உதவிதான்.

“நீ எழுதின இந்தப் பக்கத்த வெச்சுதான் மறுத்திருக்காங்க” என்றார் வக்கீல். “அப்பீல் பண்ணலாம், வருஷக்கணக்கா இழுக்கும். என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா.”

அத்தான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் எதிரில் உட்கார்ந்தே அக்காவுக்கு போன் செய்தார். “விசாரணையில நான்தான் வாய் தவறி மோட்டார் விஷயத்தச் சொல்லிட்டேன்” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா அழுது முடித்துவிட்டு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

“நீ எல்லாம் தெரிஞ்சவளாச்சே. கூட நீ இருந்திருந்தா அவர இப்படி உளற விட்டிருப்பியா?”

“மாட்டேன்க்கா” என்றேன்.