லயனலின் சிலைக்கு ஆம்ப்ரோஸ் வைத்த கை

ஆம்ப்ரோஸ் ஹாலெட்டின் வயிற்றெரிச்சலில் ரொட்டி சுடலாம் என்று ஃபுல்ஹாமில் எங்கள் சந்து முழுக்கப் பேச்சு. ரொட்டியைப் பற்றி எனக்குத் தெரியாது; கெண்டியில் தண்ணீர் கொதித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

டார்செட் பக்கம் வில்காம்ப் என்ற கடலோர ஊரில், கல்லறைக் கல் வெட்டுகிறவரின் மகன் அவர். மீசை முளைக்கும் முன்பே தேவதைகளுக்குச் சிறகு செதுக்கப் பழகிவிட்டு, சிற்பம் படிக்க லண்டன் வந்தார். வகுப்பில் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தவன் லயனல் குரூ, வக்கீல் வீட்டுப் பிள்ளை. அன்றைக்குப் பிடித்த காந்தல்தான். பதக்கம் லயனலுக்கு. ரோமுக்குப் போகிற உதவித்தொகையும் லயனலுக்கு. கோடைக் கண்காட்சியில் லயனலின் சிலை நடுக்கூடத்து வெளிச்சத்தில் நிற்கும். ஆம்ப்ரோஸ் செய்த மேயரின் மார்பளவுச் சிலை கதவுக்குப் பின்னால் இருக்கும், வருகிறவர்கள் அதன் தலையில் தொப்பியை மாட்டுவார்கள். இத்தனைக்கும் இருவருக்கும் ஒரே சந்தில் அடுத்தடுத்த பட்டறை.

போர் முடிந்ததும் ஊருக்கு ஊர் நினைவுச் சிலை வைத்தார்கள். வில்காம்பும் ஒரு போர்வீரன் சிலைக்குப் போட்டி அறிவித்தது. ஆம்ப்ரோஸின் சொந்த ஊர்! முதலிடம் லயனலுக்கு, இரண்டாமிடம் ஆம்ப்ரோஸுக்கு. குறித்த நாளுக்குள் லயனல் களிமண் உருவத்தை முடித்துக் காட்டாவிட்டால் வேலை ஆம்ப்ரோஸுக்கு வரும் என்பது விதி.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா சூப்பு ஆறாம இருக்குமா?" என்றாள் அவர் மனைவி மேபெல்.

அந்த நேரம் பார்த்து லயனலின் தங்கைக்கு எடின்பரோவில் கல்யாணம் வந்தது. களிமண் காயாமலிருக்க, அதைச் சுற்றிய துணியை தினமும் நனைக்க வேண்டும். ஊருக்குப் போகிற சிற்பி பக்கத்துப் பட்டறைக்காரரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவது எங்கள் சந்தின் வழக்கம்.

"காலைல ஒரு வாட்டி நனைச்சு விட்டுடுடா ஆம்ப்ரோஸ். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று சாவியை நீட்டினான் லயனல்.

கெடுதல் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். மண் காயும், வெடிக்கும், உள்ளேயிருக்கும் கம்பியை விட்டுக் கழன்று விழும். ஆம்ப்ரோஸ் சும்மாவே இருந்தார். சில நாள் கழித்து, விரிசல் விட்டிருக்கிறதா என்று ஆசையாகப் பார்க்கப் போனார்.

முகம் அருமை. நின்ற நிலை அதைவிட அருமை. வயிறு பற்றிக்கொண்டது. அப்புறம்தான் துப்பாக்கியைப் பிடித்திருந்த வலது கை கண்ணில் பட்டது. தேநீர்க் கோப்பை பிடிக்கிற கை! ஆம்ப்ரோஸுக்கு அப்படியொரு சந்தோஷம். விரல் ஓரங்கள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. பேசாமல் கதவைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அப்படியொரு கையைப் பார்த்துவிட்டு எப்படி வருவது? துப்பாக்கியை எப்படிப் பிடிக்கணும் என்று அந்த முட்டாளுக்குக் காட்டுவதற்காகவே மண்ணை நனைத்தார், விரல்களைப் பிய்த்து எறிந்தார், புதிதாக வைத்தார். வலை இழுத்துத் தடித்த முட்டியும் அகன்ற நகமுமாக, வில்காம்ப் பையன்களின் கை. அதைக் காயவிட மனம் வரவில்லை. லயனல் திரும்பும்வரை ஒரு காலையும் தவறாமல் துணியை நனைத்தார்.

லயனல் வந்து பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. ஆம்ப்ரோஸும் சொல்லவில்லை, அடுத்தவன் மண்ணைத் தொட்டவனை எந்தப் பட்டறையும் உள்ளே விடாது. சிலை வெண்கலமானது.

திறப்பு விழாவில் மகனைப் பறிகொடுத்த தாய்மார் வரிசையாக வந்து அந்தக் கையைத்தான் தொட்டார்கள். ஆம்ப்ரோஸின் அம்மாவும் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த மாதிரி ஒரு கையாவது உன்னால செய்ய முடிஞ்சுதா? படிச்ச வீட்டுப் புள்ளை செஞ்சா அது தனிதான்."

தான் செய்த கைமேல் தானே பொறாமைப்பட்ட மனிதர் இங்கிலாந்தில் அவர் ஒருவர்தான். பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விருந்துக் கூடாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். லயனல் தேடி வந்தான்.

"நீ வெச்ச அந்தக் கையை, மண்ணா இருந்தப்பவே வெட்டி எடுத்துடலாம்னு கத்தியோட போனேன்டா. முடியல. உன்மேல இருந்த பொறாமைல சாப்பாடே எறங்கல."

ஆம்ப்ரோஸ் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காரு. இன்னொரு தடவை சொல்லு."