பால் மெஷினில் ஒட்டிய கிட்டார்

என் வீட்டுக்காரர் செய்த முதல் கிட்டார் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது, கம்பி பூட்டிய அன்றே வயிறு உள்வாங்கிப் படுத்துவிட்டது. மூன்றாவதுக்கு மரம் இருந்தது, நாலாவதுக்கு இல்லை. எழுபதுகளின் நடுவில், மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது.

அவர் தேயிலை ஃபேக்டரியில் பெட்டி அடிக்கிற தச்சர். அந்த வருஷம், இனிமேல் பெட்டியெல்லாம் கீழேயிருந்து தயாராகவே வந்துவிடும், பெட்டி அடிக்கிற ஆட்கள் களை வெட்டப் போகவேண்டியதுதான் என்று பேச்சு அடிபட்டது. உளி பிடித்த கையில் களைக்கொத்தா என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. எஸ்டேட் வாலிபர்களின் மெல்லிசைக் குழுவுக்கு ஒரு உடைந்த கிட்டாரை ஒட்டிக் கொடுத்ததிலிருந்து அவருக்கு அந்தப் பைத்தியம் வேறு பிடித்திருந்தது. பாலக்காட்டில் ஆர்மோனியமும் தபேலாவும் விற்கிற ஒரு கடைக்காரரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். சொந்தமாக ஒன்று செய்து கொண்டுவா, அது ஒரு மழைக்காலம் தாங்கி நின்றால் கடையிலேயே வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார் அந்த மனிதர்.

கிட்டார் நின்றால் நாங்கள் மலை இறங்க வேண்டும். அதில் எனக்கு என்ன கஷ்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எஸ்டேட்டை அடுத்து ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. அங்கே பால் கறக்கிற மெஷினை நான்தான் ஓட்டினேன். என் அம்மாவும் அக்காமாரும் கொழுந்து கிள்ளித் தேய்ந்தவர்கள். எங்கள் வீட்டுப் பெண்களில் ஒரு மெஷினைத் திருகி ஓட்டியவள் நான் ஒருத்திதான். அந்த வேலையில் எனக்குக் கர்வம் இருந்தது. இன்றைக்கும் அதைச் சொல்ல வெட்கமில்லை.

மெஷின் ஒன்றும் பெரிய ரகசியமல்ல. தொழுவத்தின் சுவரோரமாக ஒரு இரும்புக் குழாய் ஓடும். பம்பு அதிலுள்ள காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதில் பால் வாளியை மாட்டினால், வாளி மூடியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் பசுவின் மடிக்குப் போகும். ஒரு குழாய் இடைவிடாமல் உறிஞ்சும், அதில்தான் பால் வரும். மற்றது டிக், டிக் என்று இழுத்து இழுத்து விடும். காம்பைப் பிசைந்துகொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் காம்பு வீங்கிப்போகும்.

கிட்டாரில் அவருக்குப் பிடிபடாதது ஒரே ஒரு இடம். மேல்பலகை அப்பளம் மாதிரி மெல்லிசு. கம்பி இழுக்கிற இழுப்புக்கு அது தாங்க, அடிப்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னச் சட்டங்களை ஒட்ட வேண்டும். பசை காயும்வரை எல்லாச் சட்டத்தையும் ஒரே அளவாக அமுக்க வேண்டும். ஓரத்தில் இருப்பதைக் கிளாம்பு போட்டுப் பிடிக்கலாம். நடுவில் இருப்பதற்குக் கிளாம்பு எட்டாது. அம்மிக்கல்லை ஏற்றினார், ஆணிப்பெட்டியை ஏற்றினார். ஒரு சட்டம் ஒட்டினால் ஒன்று நகர்ந்தது. இரண்டாவது கிட்டாரில் அம்மியே நழுவிப் பலகை விரிசல் விட்டது, ஒட்டுப்போட்டு ஒப்பேற்றினார். நான் சட்னி அரைக்க முடியாமல் ஒரு வாரம் வெறும் கஞ்சி குடித்தேன்.

அந்தப் பலகையும் சும்மா வந்ததல்ல. பால் மெஷின் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியை உடைத்து எடுத்தது, வெள்ளை வெளேர் என்று நேர் ரேகை ஓடுகிற ஏதோ சீமை மரம். அடுப்பெரிக்கப் போனதைக் கெஞ்சி வாங்கி வைத்திருந்தார். அதில் மிச்சம் இருந்தது ஒரு மேல்பலகைக்கு மட்டும்.

ஒரு நாள் காலைக் கறவை முடிந்து குழாயைக் கழற்றும்போது அதன் வாய் கைதவறிக் கீழே விழுந்தது. கீழே வைக்கோல்மேல் ஈரமான பிளாஸ்டிக் தாள் ஒன்று கிடந்தது. குழாய் வாய் அதன் அடியில் நுழைந்ததும் சர்ரென்று தாள் உள்ளே இழுபட்டுத் தரையோடு படிந்துகொண்டது. அடியில் கிடந்த ஒவ்வொரு வைக்கோலும் தனித்தனியாகப் புடைத்துத் தெரிந்தது, எதுவும் அசையவில்லை. நான் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நடுவில் கிடந்த வைக்கோலும் ஓரத்தில் கிடந்த வைக்கோலும் ஒரே மாதிரி அமுங்கியிருந்தன.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சாயங்காலம்வரை சொல்லவில்லைதான். ராத்திரிச் சோற்றை அளைந்துகொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டேன்.

பண்ணையின் மாட்டு டாக்டர் ஒரு மலையாளி. திட்டுவார் என்று நினைத்துப் போனோம், அவருக்கு எங்களைவிட ஆர்வம்.

"மெஷின் ஒண்ணும் அமுக்கறதில்லா. அது உள்ளே உள்ள காத்தை எடுக்கும், அத்ரதான். அமுக்கறது வெளிக்காத்து. மத்தியானக் கறவைக்கு முன்னே கழட்டிடணும், கேட்டோ?" என்றார். கன்று ஈனும்போது விரிக்கிற ரப்பர் ஷீட்டையும் கழுவிக் கொடுத்தார்.

பிளைவுட் பலகையில் வார்னிஷ் அடித்து, சுற்றிலும் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். அதன் நடுவே மேல்பலகை, அதன்மேல் பசை தடவிய ஏழு சட்டங்கள், எல்லாவற்றையும் மூடி ரப்பர் ஷீட். ஓரத்தில் காற்று கசியாமல் இருக்க, மாட்டு மடிக்குத் தடவுகிற களிம்பைத் தாராளமாகப் பூசினேன். அவர் தலையசைத்தார். பிளைவுட்டில் போட்டிருந்த துளையில் குழாயை மாட்டி, குழாயின் திருகைத் திறந்தேன்.

ஷீட் படிந்தது. ஏழு சட்டமும் புடைத்துத் தெரிந்தன. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி ஷீட் தளர்ந்தது. மறுபடி படிந்தது. மறுபடி தளர்ந்தது. டிக், டிக்.

பழக்க தோஷத்தில் டிக் டிக் குழாயை மாட்டியிருக்கிறேன். பலகை மாடு அல்ல என்பது என் கைக்குத் தெரியவில்லை. உள்ளே பசை ஈரத்தில் சட்டங்கள் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தன. பாய்ந்து திருகை மூடி ஷீட்டைப் பிய்த்தேன். இரண்டு சட்டங்கள் பென்சில் கோட்டிலிருந்து விலகி நின்றன. பலகை முழுக்க வெள்ளைப் பசை.

அவர் என்னைத் திட்டவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"கீழ வர இஷ்டமில்லேன்னா வாய்விட்டுச் சொல்லிருக்கலாம்ல, புள்ள."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தோடு அழுகையும் வந்தது, ஏனென்றால் பாதி உண்மை.

"ஆமா, இஷ்டமில்லதான். இந்த மெஷின விட்டுட்டு ஒத்த ரூம்புல அடுப்பூதிக்கிட்டுக் கெடக்க எனக்கு இஷ்டமில்ல. அதுக்காக ஒங்க மரத்தக் கெடுப்பேனா? அந்தக் களிம்ப அப்படி அள்ளிப் பூசுனேனே, அது எதுக்கு? ஈரத்துணிய எடுங்க மொதல்ல. பசை காஞ்சிரும்."

எடுத்தார். இரண்டு பேருமாகத் துடைத்தோம். சட்டங்களைச் சுரண்டி, புதுப் பசை தடவி, கோட்டில் வைத்தோம். இந்த முறை பால் குழாயைக் கையில் பிடித்து அவரிடம் காட்டிவிட்டுத்தான் மாட்டினேன். ஷீட் படிந்தது, படிந்தபடியே இருந்தது. கரண்டு போகக்கூடாதே என்று மத்தியானம்வரை பம்பு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிரித்தபோது ஏழும் பலகையோடு பிறந்தவை போல இருந்தன. அவர் நகத்தால் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. மத்தியானக் கறவைக்கு வாளிகளையெல்லாம் அவரே கழுவி வைத்தார்.

அந்த மழைக்காலம் முழுக்கக் கிட்டார் லயத்துச் சுவரில் ஈரத்தில் தொங்கியது. வயிறு இறங்கவில்லை. மழை விட்டதும் பாலக்காட்டுக்குக் கிளம்பினோம். கிளம்புவதற்கு முந்தின நாள், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று டாக்டருக்கு ஒரு கடுதாசி எழுதினேன். கொடுக்க மனம் வராமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்து கொடுக்கலாம் என்று இருந்தேன்.

உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் என்று பஸ் மாறிப் போனோம். அரிசி கடத்துகிறவர்களைத் தேடுகிற காலம். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் ஒருவர் துணி சுற்றிய கிட்டாரை வாங்கி, உள்ளே அரிசி இருக்கிறதா என்று காதருகே வைத்துக் குலுக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு சட்டம் ஒட்டு விட்டிருந்தாலும் கடகடவென்று சத்தம் கேட்டிருக்கும். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. என் வீட்டுக்காரர் அவருக்கு நன்றி சொன்னார், அந்த ஆளுக்கு ஏனென்று புரியவில்லை.

கடைக்காரர் தமிழ் பேசும் கிழக்குப் பாலக்காட்டு விவசாயக் குடும்பத்து ஆள். நெடுநேரம் தட்டித் தட்டிக் கேட்டார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்துச் சட்டங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன சீரா எப்படி அமுக்குனீங்க?"

என் வீட்டுக்காரர் சொன்னார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை.

"அந்த மெஷினு இங்க வருமுங்களா?"

"வராதுங்க. அது பண்ணை மாட்டுக்குன்னு உள்ளது."

"அப்புறம் நீங்க மட்டும் இங்க வந்து என்னங்க பண்ணப்போறீங்க? அங்கயே செய்யுங்க. மரம் நான் அனுப்பறனுங்க. அத ஓட்டறது ஆருங்க?"

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கடைக்காரரும் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, மாசத்துக்கு எத்தன பலகை அமுக்கித் தர முடியுமுங்க?"

என் தொழிலைப் பற்றி என்னிடமே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.  மாடு கறக்கிற நேரம் போக வாரத்துக்கு ஒன்று என்றேன்.

மரம் வந்து, டாக்டரிடம் மறுபடி அனுமதி வாங்கி, நாலாவது பலகையை வைத்தபோது ஒரு மூலையில் உஸ்ஸென்று காற்று கசிந்தது. களிம்பு எவ்வளவு பூசியும் நிற்கவில்லை. அடைக்க ஏதாவது கொடு என்று அவர் கையை நீட்டினார். பைக்குள் கையை விட்டேன், கடுதாசிதான் அகப்பட்டது. அதை நாலாக மடித்து, இரண்டு பக்கமும் களிம்பு தடவி, டியூபுக்கு அடியில் நானே செருகினேன். காற்று நின்றது.