குரல் வேறொருவருடையது

குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போகும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். கறுப்புச் சாயம் பூசிய தலைமயிர் தோள்வரை தொங்கியது. வேலணை தாண்டியதும் சாரதி பழைய ஆங்கில டிஸ்கோ பாட்டொன்றைப் போட்டார். உடனே அவருடைய உதடுகள் ஒரு சொல்லும் பிசகாமல் அசையத் தொடங்கின. சத்தம் மட்டும் வரவில்லை.

"இந்தப் பாட்டுத் தெரியுமோ ஐயா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. ஜேர்மனியிலை இந்தப் பாட்டுப் போட்ட குழுவிலை நான்தான் முன்னுக்கு நிண்டனான்."

"அப்ப இது உங்கடை குரலோ?"

"இல்லை. பாடினது வேறையொருத்தன். அவன் மேடைக்கு வாறதில்லை. நான் வாயசைச்சு ஆடினனான். சனம் என்னைத்தான் பாடகன் எண்டு நினைச்சுது."

பேருந்து புங்குடுதீவுப் பாலத்தில் ஏறியது. இரு பக்கமும் கடல் வெளிறிக் கிடந்தது. நான் கேட்காமலே மிச்சத்தையும் சொன்னார்.

"ஒருக்கா என்ரை குரலிலை பாட விடச்சொல்லிக் கெஞ்சினனான். விட்டினம். முதல் பாட்டு முடியமுன்னமே சனம் கூ அடிக்கத் தொடங்கீட்டுது. அடுத்த கிழமை என்ரை இடத்திலை வேறை ஆள். அதுக்குப் பிறகு நான் வீட்டிலைகூடப் பாடினதில்லை."

எனக்கு மனம் பொறுக்கவில்லை.

"ஆட்டம் உங்கடைதானே ஐயா," என்றேன்.

புங்குடுதீவில் நடத்துநர் அவரை இரு கைகளிலும் பிடித்துத் தூக்கித்தான் இறக்கினார். அப்போதுதான் அவருடைய கால்களைப் பார்த்தேன். இரண்டும் வீங்கி, மடங்க மறுத்தன.

ஆறுதலாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருக்கலாம் என்றுதான் இன்னமும் தெரியவில்லை.