கல்லின் மேல் நிறுத்திய கோல்

கொள்ளிடத்தில் வருஷாவருஷம் சித்திரையில் மணல்மட்டம் அளப்பார்கள். என்ஜினியர் கரையில் கருவியை வைத்துப் பார்ப்பார். நடு ஆற்றில் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பது சிங்காரவேலுவின் வேலை.

தொண்ணூற்றொன்பதில் ஊருக்கு மணல் குவாரி வந்தது. அந்த வருஷம் புது என்ஜினியர், "மணல்ல வைக்காதீங்க. அந்தப் பழைய பாலத்துக் கல்லு மேல வைங்க" என்றார். இடிந்த பாலத்தின் தூண் ஒன்று அப்போது மணல் மட்டத்திலேயே தலைகாட்டிக்கொண்டிருந்தது. சிங்காரவேலு ஏன் என்று கேட்கவில்லை. பதினெட்டு வருஷத் தினக்கூலி. ஆனி பிறந்தால் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். கல்லின் மேல் வைத்தார். வேலை நிரந்தரமாயிற்று.

மறுவருஷம் மணல் இறங்கி, கல் முழங்கால் உயரம் இருந்தது. பிறகு இடுப்பு. பிறகு தலைக்கு மேல் போய்விட்டது. அலுவலகத்தில் ஏணி வாங்கித் தந்தார்கள். ஏணியில் ஏறி, அதே கல்லின் மேல் கோலை நிறுத்துவார். கரையிலிருந்து அதே அளவைப் படிப்பார்கள். முதல் இரண்டு வருஷம் பயமாக இருந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, பல்கலைக்கழகத்திலிருந்து ஹமீதா பானு என்ற ஆய்வாளர் வீடு தேடி வந்தார்.

"மணல் வித்த காசு முழுசையும் வருமானம்னு காட்டுறாங்க. போன மணலையும் அதோட போன தண்ணியையும் கழிச்சா உண்மையில என்ன மிஞ்சுதுன்னு கணக்குப் போடுறேன். உங்க ஆபீஸ் ரெக்கார்டுப்படி பதினஞ்சு வருஷத்துல ஆறு ஒரு அங்குலம்கூட இறங்கல. ஆனா ஊர்ல போர்வெல் எல்லாம் வத்திக் கிடக்கு. அதான் புரியலைங்க."

"ரெக்கார்டு தப்புங்க" என்றார் சிங்காரவேலு. தன் குரல் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல இருந்தது. "கடைசி வருஷம் ஏணில பதிமூணு படி ஏறினேன். படிக்கு ஒரு அடி."

எந்த வருஷம் எத்தனை படி என்று வரிசையாகச் சொன்னார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ஹமீதா எழுதி முடித்து, "இதுல கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"பென்ஷன நிறுத்திடுவாங்களாம்மா?" என்று கேட்டபடி உள்ளேயிருந்து வந்தாள் அவர் மனைவி ராமாயி.

"நிறுத்த மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியலைங்க."

சிங்காரவேலு கையெழுத்துப் போட்டார். பயமாகவோ நிம்மதியாகவோ ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து ஹமீதா போன் செய்தார். ஆபீஸ் ரெக்கார்டுப்படி போட்ட கணக்கில் மணல் வருமானம் நூறு ரூபாயில் நாலு ரூபாய்தான் நஷ்டமாம். அவர் சொன்ன படிக்கணக்கை வைத்துத் திருத்திய பிறகு அறுபத்தேழு ரூபாயாம். அறிக்கையை மேலே அனுப்பியாயிற்று, பதில் இல்லை என்றார்.

"சரிங்க" என்றார் சிங்காரவேலு. பென்ஷன் நிற்கவில்லை. விளக்கம் கேட்டுக்கூட ஒரு கடிதம் வரவில்லை. குவாரியும் ஓடிக்கொண்டிருந்தது.

மோட்டார் ஓட்டுகிற மும்முனைக் கரண்டு வந்திருந்ததால் வயலுக்கு நடந்தார். நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த ஒன்றரை ஏக்கர். அதற்காகப் போராடி அவர் அப்பா இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தவர். நாற்பது அடியில் இருந்த தண்ணீர் இப்போது இருநூற்று அறுபதில். மோட்டாரைப் போட்டார். அரை மணி இறைத்துவிட்டுக் காற்றை இழுத்தது. நிறுத்தினார். நனைந்திருந்த அளவு நாற்றுக்குப் போதுமா என்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.