கோதண்டன் கழற்றி வைத்த பட்டை

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. பகலில் ஒக்கலிபுரத்திலிருந்து கோதண்டனின் மகள் செல்வி போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா பட்டறையிலயே போயிட்டாரு. கையில பட்டை இல்லையாம்." சாவுச் செய்தியோடு குற்றச்சாட்டும் சேர்ந்தே வந்தது. அன்றிலிருந்து எல்லோரும் அந்தப் பட்டையைப் பற்றியே பேசுகிறார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் அவரோடு லேத் ஓட்டிய உங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நெஞ்சுவலி வந்து தேறிய பிறகு மருத்துவமனையில் அந்தப் பட்டையைக் கடிகாரம்போலக் கையில் கட்டினார்கள். நாடித்துடிப்பைப் போன் வழியாக அனுப்புமாம். கம்ப்யூட்டர் அவர் உடம்பின் வழக்கத்தைத் தானே கற்றுக்கொண்டு, மாறுதல் தெரிந்தால் எச்சரிக்குமாம். நானும் கூட இருந்தேன்.

"தகவல் வந்தா யாரும்மா பாப்பாங்க?" என்று கோதண்டன் கேட்டார்.

"சிஸ்டம் பாக்கும் சார்," என்றாள் அங்கிருந்த பெண்.

"அதுக்குப் பேரு கீரு இருக்கா? லீவு போட்டா வேற ஆளு வருமா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. செல்விக்காகக் கட்டிக்கொண்டார்.

பணி ஓய்வுக்குப் பிறகும் நாங்கள் இருவரும் ஒரு சிறு பட்டறைக்குக் காலை முதல் மதியம் வரை போய்க்கொண்டிருந்தோம். பட்டையோடு அவர் வந்த முதல் நாளே நான் சத்தம் போட்டேன். "யோவ், கையில இன்னாய்யா அது? கழட்டு." முன்பு ஒருவனின் கடிகாரப் பட்டை, லேத்தில் இரும்பைக் கவ்விச் சுழலும் சக்கில் சிக்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தியவரே கோதண்டன்தான். "ஓடுற மெஷின்கிட்ட வெறுங்கை" என்று கோயில் கயிற்றைக்கூட அவிழ்க்க வைப்பாரே, நினைவிருக்கிறதா? என் பேச்சைக் கேட்டு, பட்டையைச் சாப்பாட்டுப் பையில் போட்டார். "செல்விகிட்ட சொல்லிடாதப்பா." மூன்று மாதம் அப்படித்தான் நடந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். வரைபடம் வாசிக்க நானே கற்றேன். பாதி வரைபடத்தைப் பார்த்து முழுப் பொருளைக் கடையக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. டிவி பார்க்கிற, தூங்குகிற கோதண்டனை மட்டும் பார்த்துவிட்டு, அவரை நலம் என்றது. கடைசி வாரத்தில் இரும்பைத் தூக்கி மாட்டும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. "டாக்டர்கிட்ட போலாமா?" என்றேன். "வீட்டுல போனப் பாத்தேன்பா, பச்சதான் காட்டுது," என்றார். அத்தனை சந்தேகப்பட்ட மனிதரையும் அது நம்பவைத்துவிட்டது. நானும் அதற்குமேல் பேசவில்லை.

காரியம் முடிந்ததும் செல்வியோடு மருத்துவமனைக்குப் போனேன். அணியாத நேரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள்.

"தினமும் அரை நாள் ஒண்ணுமே வரலையே. ஏன்னு ஒரு போன் பண்ணீங்களா?" என்று கேட்டேன்.

"வந்த டேட்டாவத்தான் சிஸ்டம் பாக்கும் ஐயா."

வெளியே வந்ததும் செல்வி கேட்டாள். "கழட்டச் சொன்னது யாரு சித்தப்பா?"

"நான்தாம்மா."

அவள் என்னை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள். அதன்பிறகு பேசவில்லை.

கழற்றச் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. நாளை யார் அதைக் கட்டிக்கொண்டு லேத் அருகே வந்தாலும் கழற்றச் சொல்வேன். கோதண்டனிடமிருந்து என்னோடு இருப்பது அந்த மூச்சுச் சத்தம். எந்தப் பட்டையிலும் அது பதிவாகவில்லை. பக்கத்து மெஷினில் நின்றுகொண்டு நான்தான் கேட்டேன்.