புல்வெட்டு மெஷினுக்கு வைத்த பொட்டு

கத்தி கழன்று பறந்தபோது என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் புல் வெட்டும் அழகில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். இஞ்சின் சத்தத்தையும் மீறி, “கோணலா போவுது, கோணலா போவுது லா!” என்று கத்தினார். நான் கடைசியாகக் கேட்டது அதுதான். அடுத்த நொடி மெஷினுக்கு அடியில் யாரோ சம்மட்டியால் தகரத்தை அடித்தது போல ஒரு சத்தம். கைப்பிடி என் கையிலிருந்து துள்ளியது. திரும்பிப் பார்த்தால் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பின்னால் புல்லில் அவர் கிடந்தார். வாய் மூடியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் பகலில் அப்படி மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை.

நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்பது புரிய வேண்டுமானால், அவருடைய காலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பல வருடமாக இருக்கிறது. பல வருடமாக அதை அவர் மதித்ததும் இல்லை. இந்த வருடம் வலது காலின் சுண்டு விரலை ஈப்போ பெரிய மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவரிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். இந்தக் காலுக்கு இனி உணர்வு கிடையாது, ஆணி குத்தினாலும் அவருக்குத் தெரியாது, தினமும் நீங்கள்தான் பார்க்க வேண்டும், இன்னொரு காயம் பட்டால் முட்டிவரை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அன்றிலிருந்து காலையும் மாலையும் அவர் பாதத்தைத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்ப்பது என் வேலை. “கோயில்லகூட இவ்ளோ கும்பிட்டதில்ல நீ” என்பார். நான் விரல் இடுக்கை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு கோப்பெங் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டுக் கட்டிய தாமானில், அந்தக் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பட்டை நிலம், அதற்கப்பால் செம்பனை. அந்தப் பட்டையில் லாலாங் புல் இடுப்புயரம் வளரும். வளர்ந்தால் பாம்பு வரும். உணர்வில்லாத காலோடு ஒருவர் நடமாடும் வீட்டில் பாம்பு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. அதனால் புல் வெட்டியே ஆக வேண்டும். ஆனால் அவர் வெட்டக் கூடாது. இது வீட்டுச் சட்டம்.

சட்டத்தை மீறுவதில் அவருக்கு இணை யாரும் இல்லை. வாரநாளில் செக்குரிட்டி வேலை, வார இறுதியில் ஈப்போ பங்களாக்களில் புல் வெட்டும் வேலை என்று ஓடியாடிய மனுஷர். வீட்டில் சும்மா இருக்க முடியுமா? ஒருநாள் நான் தொழிற்சாலையிலிருந்து திரும்பியபோது மெஷின் ஒருக்களித்துக் கிடந்தது. பக்கத்தில் அவர், பாலைக் குடித்த பூனை போல நின்றிருந்தார். புல்லுக்குள் மறைந்திருந்த ரப்பர் பால்மரத்தின் அடிக்கட்டையில் மெஷினை ஏற்றிவிட்டார். மரத்தை வெட்டியவர்கள் வேரைத் தோண்டாமல் போயிருக்கிறார்கள். கத்தியைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு, சாமான் விற்கும் சீன முதலாளி தவுக்கே கடையில் பிளேட் ஹோல்டர் என்பார்களே, அது நடுவில் விரிசல் விட்டு, கத்தி ஆடிப்போன பல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பார்த்தது அதையல்ல. அவர் காலில் ரப்பர் செருப்பு. பூட்ஸ் இல்லை, காலுறை இல்லை.

“ஆனைக்கும் அடி சறுக்கும்” என்றார்.

“ஆனைக்கு நாலு கால் இருக்கு. உங்களுக்கு ஒன்னரைதான் மிச்சம்!” என்று கத்தினேன். கத்திவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

அந்த இரும்பை நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். சம்மட்டியும் ஸ்பானருமாக அவர் குனிந்து உட்கார்ந்தால் எது எப்போது எந்தக் காலில் விழும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் ஸ்பானர் புதிதல்ல. ஈப்போ தொழிற்சாலையில் நான் இருப்பது பாகங்களைப் பூட்டும் பகுதியில். இரண்டு இரும்பு முகம் சேரும் இடத்தில் தூசு, முடி, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது என்று புதிதாக வரும் பெண்களிடம் தொண்டை வற்றக் கத்துபவளே நான்தான்.

உடைந்ததைக் கொண்டுபோய்க் காட்டி, அதே அளவில் புதிது வாங்கி வந்தேன். “போலே பாசாங்?” என்று கேட்டார் தவுக்கே, பொருத்தத் தெரியுமா என்று. “போலே” என்றேன் கொஞ்சம் முறைப்பாகவே.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. புதிய இரும்பு எதுவாக இருந்தாலும் ஓர் இரவு சாமி படத்துக்கு முன்னால் இருந்து, சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகும். அருவாமனை, குக்கர், மோட்டார் சைக்கிள் எல்லாம் அப்படித்தான். என் கைப்பேசிக்குக்கூட அவர் பொட்டு வைத்தார். சந்தனம் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொண்டு, கூப்பிடுகிறவர்கள் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வெகுநாள் கேட்டது. அப்போது நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் அந்த ஹோல்டரை எடுக்கப் போனேன். கத்தியைப் பிடிக்க அதில் இரண்டு போல்ட் ஓட்டை. அவர் கண்ணுக்கு அது இரண்டு கண்ணாகத் தெரிந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பெருவிரல் பட்டையாகச் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தார். கத்தி வந்து உட்கார வேண்டிய இடமே அதுதான். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

பெட்ரோல் நனைத்த துணியை எடுத்தேன். வாசல்படியிலிருந்து அவர் குரல் வந்தது. “அத அழிக்காத.”

“இதுக்கு மேல கத்தி எப்படிங்க உக்காரும்?”

“நல்லா இறுக்கினா உக்காரும். பொட்ட அழிக்காத.”

அவர் சொன்னதற்காக நான் நிறுத்தவில்லை. அவர் சொல்லி நான் எதை நிறுத்தியிருக்கிறேன்? என் கை தானாக நின்றது. அந்த இரும்பு என்னைப் பார்ப்பது போல இருந்தது, இரண்டு கண்ணும் ஒரு பொட்டுமாக. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாரக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்து, எது போனாலும் இந்த நெற்றிப் பொட்டு மட்டும் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான். என் கையாலேயே குங்குமத்தை அழிப்பதா? தொழிற்சாலையில் மற்றவர்களுக்குச் சொல்வதெல்லாம் அந்த நிமிடம் எங்கே போனதோ தெரியவில்லை. பயம், அவ்வளவுதான். துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

மற்றதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். முதலில் பிளக் வயரைக் கழற்றினேன், தவறிக்கூட இஞ்சின் கிளம்பிவிடாமல் இருக்க. பெட்ரோலை வடித்தேன். மெஷினைச் சாய்த்து, கத்தி சுற்றாமல் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, பழைய போல்ட்டைத் திருகினேன். துரு பிடித்து அசைய மறுத்தது. ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டி, உடம்பு எடையையே அதன் மேல் போட்ட பிறகு முனகிக்கொண்டு கழன்றது. இஞ்சின் தண்டை உப்புத்தாளால் தேய்த்தேன். அது மட்டும் கண்ணாடி போலச் சுத்தம். பிறை வடிவச் சின்ன இரும்புத் துண்டைத் தண்டின் பள்ளத்தில் வைத்து, புது ஹோல்டரை ஏற்றி, கத்தியை அந்தப் பொட்டின் மேல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். கத்தி மயிரிழை தூக்கினாற்போல் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு மெஷினை நிமிர்த்தினேன்.

அவரை ரம்புத்தான் மரத்து நிழலில், தூரமாக உட்கார வைத்தேன். பூட்ஸ் போட்டுவிட்டேன். பெட்ரோலைத் திரும்ப ஊற்றி, பிளக் வயரை மாட்டி, வேலியோரமாக வெட்டிக்கொண்டு போனேன். நான் கோணலாகப் போவது பொறுக்காமல் அவர் நாற்காலியை இழுத்து இழுத்து என் பக்கமே வந்துவிட்டார். மெஷினில் புல் வெளியே வரும் வாயின் மூடியை அவரே என்றைக்கோ கழற்றிப் போட்டிருந்தார், ஈரப் புல் அடைக்கிறதாம். அந்த வாய்க்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

இஞ்சினை எப்படி நிறுத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கினேன். பேயறைந்தவர் போல விழித்துக்கொண்டிருந்தார்.

“எங்க பட்டுச்சு? சொல்லுங்க, எங்க பட்டுச்சு?”

“ஒன்னும் இல்ல. வலிக்கல.”

அந்த ஒரு வார்த்தைதான் என்னை உலுக்கிப் போட்டது. வேறு எந்த வீட்டிலும் வலிக்கவில்லை என்றால் நிம்மதி. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு மதிப்பே இல்லை. அந்தக் கால் இரண்டாகப் பிளந்து கிடந்தாலும் அவர் வலிக்கவில்லை என்றுதான் சொல்வார். நாற்காலியைப் பார்த்தேன். முன்கால் ஒன்று பாதிக்கு மேல் இல்லை. வாழைத்தண்டை வெட்டினாற்போல் வெட்டுப்பட்டிருந்தது. அவர் வலது கால் அதற்கு ஒட்டினாற்போல்தான் இருந்திருக்கிறது.

பூட்ஸைக் கழற்றப் பயமாக இருந்தது. கழற்றினால் உள்ளே என்ன இருக்கும்? கடைசியில் இழுத்துக் கழற்றி, காலுறையை உருவி, பாதத்தை மடியில் வைத்தேன். குதிகால், அடிப்பாதம், விரல் இடுக்கு, விரல் எடுத்த தழும்பு. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், என் எச்சிலைத் தொட்டு மண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கீறல் இல்லை. ஒரு சிவப்புக்கூட இல்லை. அப்போதும் நம்பாமல் மற்றக் காலையும் கழற்றிப் பார்த்தேன்.

“தலைக்கு வந்தது தலப்பாவோட போவும்பாங்க. எனக்குக் காலுக்கு வந்தது நாக்காலி காலோட போச்சு” என்றார். அப்போதும் கேலி. அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. முந்தானை இல்லை, சட்டைதான். கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டேன், வியர்வை, கண்ணீர், மூக்கு எல்லாவற்றையும். கத்தி செம்பனைப் பக்கத்து வேலிக் கட்டையில் பாதி ஏறி நின்றிருந்தது. அதைப் பிடுங்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அன்று இரண்டு பேரும் சோறு தின்னவில்லை, மருந்துக்காக அவருக்கு மட்டும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினேன்.

மறுநாள் மெஷினைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு போல்ட்டைக் காணவில்லை. இன்னொன்று முறிந்திருந்தது. நடுவில் சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்து, பாதிதான் மிச்சம். அது உதிர உதிர இறுக்கம் தளர்ந்து கத்தி ஆட ஆரம்பித்திருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு புதுப் பெண் இப்படிச் செய்திருந்தால் அவள் காது கிழிந்திருக்கும். அந்தப் பாதிச் சந்தனத்தின் மேல் குங்குமம் மட்டும் இப்போதுதான் வைத்தது போலச் சிவப்பாக இருந்தது.

துணியை எடுத்தேன். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்: இத்தனை நடந்த பிறகும் என் கை மறுபடி நின்றது. எனக்கே திகைப்பாகிவிட்டது. இரும்புக்கு முன்னால் துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் பக்கத்தில் வந்து, மூன்று கால் நாற்காலிக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார். என் கையிலிருந்து துணியைப் பிடுங்கினார்.

“குடு. நீ தொடைக்க வேணாம். நான் வச்சது, நானே தொடைக்கிறேன்.”

குனிந்து, சந்தனம் ஒரு துகள் இல்லாமல் துடைத்தார். நகத்தால் சுரண்டினார், மறுபடி துடைத்தார், விரலால் தடவிப் பார்த்தார். “மன்னிச்சுக்க தாயே” என்று இரும்பிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவர், பார்த்தபடியே இருந்தார்.

“உன் பொட்டு எங்க?”

நெற்றியைத் தொட்டேன். வெறும் தோல். நேற்று துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தேனே, அதிலேயே போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் கண்ணாடியே பார்க்கவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் வெறும் நெற்றியோடு அவருக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறேன், மருந்து கொடுத்திருக்கிறேன், பாதத்தை மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரும்பில் இருந்த பொட்டுக்குப் பயந்தவள், என்னுடையதை நானே அழித்துப் போட்டது தெரியாமல் இருந்திருக்கிறேன். அவரோ என் எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார், கையில் பெட்ரோல் துணியோடு.

“அத அப்புறம் வச்சுக்கலாம்” என்றேன். “நீங்க மொதல்ல நாக்காலிய எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போங்க.”