ஓர் உலர்திராட்சையும் என் மனைவியின் எடையும்

இதை எழுதியே ஆகவேண்டும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம், எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர் என்னைப் புகழ்வதுதான். என் மனைவி புற்றுநோய்க்கான மருத்துவத்தை நிறைவு செய்து எட்டுத் திங்கள் ஆகின்றன. நலம் வினவ வருவோர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பெத்த தாய் மாதிரி பார்த்துக்கிட்டீங்க" என்கிறார்கள். நானும் தலையசைத்துக்கொள்கிறேன். மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் புகழும் ஒருவகைப் பொய்யே. அந்நாள்களில் அவளுக்கு உணவு இறங்காமற்போனதற்கு நோயும் மருந்தும் மட்டும் காரணமல்ல. நானும் ஒரு காரணம். அத்தவறு எப்படி நேர்ந்தது, எப்படி விலகியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நோயுற்றவருக்குத் துணையிருக்கும் வேறு எவருக்கேனும் இது பயன்படவும் கூடும்.

நாங்கள் கொரட்டூரில் ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். நான் வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன். அவள் ஆவடியில், படைவீரர்க்குச் சீருடை தைக்கும் ஆலையில் முப்பது ஆண்டுகள் தணிக்கைப் பிரிவில் இருந்தவள். தையல் பிசகிய சட்டையை எட்டடித் தொலைவிலேயே கண்டு ஒதுக்கிவிடுவாள் என்று அவளுடன் பணியாற்றியோர் இன்றும் சொல்வர்.

பெருங்குடலில் கட்டி என்று தெரிந்து அறுவை முடிந்தபின், மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருந்தேற்றினார்கள். இரண்டாம் முறைக்குப் பிறகு அவளுக்கு நாச்சுவை அற்றுப்போயிற்று. சோறு மண்ணாகவும் தண்ணீர் இரும்பாகவும் இருப்பதாகச் சொன்னாள். ஐம்பத்தெட்டுக் கிலோ இருந்தவள் ஐம்பத்திரண்டுக்கு இறங்கினாள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார்.

"ஐம்பதுக்குக் கீழ போச்சுன்னா அடுத்த டோஸை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும் சார். எப்படியாவது சாப்பிட வைங்க."

அக்கடைசிச் சொற்களை நான் ஆணையாகவே ஏற்றேன். அன்று மாலையே ஓர் எடைப்பொறி வாங்கினேன். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் கோடிட்டு, எந்த நேரத்தில் என்ன உணவு, எத்தனை கரண்டி என்று எழுதத் தொடங்கினேன். தாளிக்கும் மணம் குமட்டலை வரவழைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு வீட்டில் தாளிப்பதையே நிறுத்தினேன். அவளுக்குத் தாளிப்பு ஒத்துக்கொள்கிறதா என்று அவளிடம் கேட்கத் தோன்றவில்லை. அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தால் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வேன். கரண்டி வாய்க்குப் போகும்வரை என் கண்ணும் அதனுடன் போகும். என் உணவு, அவள் மீதம் வைத்த கஞ்சி. அதையும் அடுக்களையில் நின்றபடியே குடித்துவிடுவேன்.

ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "முப்பது வருஷம் நான் யூனிஃபார்மை செக் பண்ணி சீல் குத்தினேன். இப்ப நீங்க என்னை செக் பண்றீங்க. அந்த சீலையும் நெத்தியில குத்திடுங்க, முடிஞ்சிடும்."

"இன்னும் ரெண்டு கரண்டி இருக்கு" என்றேன். அவள் சொன்னதற்கு அது விடையன்று என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

நாள்தோறும் காலையில் எடை பார்த்தோம். ஐம்பத்தொன்றரை, ஐம்பத்தொன்று புள்ளி ஏழு, ஐம்பத்திரண்டு. எண் ஏற ஏற நான் உவகையில் மிதந்தேன். ஒரு நல்ல மாணவனின் தேர்வுத்தாளைத் திருத்துபவனைப்போல் அவ்வெண்களின் கீழ்க் கோடிட்டேன்.

மூன்றாம் மருந்தேற்றத்துக்குச் சென்ற நாளில் மருத்துவமனை எடைப்பொறி நாற்பத்தொன்பது புள்ளி நான்கு என்றது. நான் செவிலியரிடம் வாதிட்டேன். பொறி பழுது என்றேன். என்னை நானே அதில் ஏற்றிப் பார்த்தேன். வீட்டில் காட்டிய அதே எடை. மருத்துவர் வந்து மருந்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். குமட்டலுக்கு வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். தள்ளிப்போகும் இரண்டு வாரத்தில் உள்ளிருக்கும் நோய் என்ன செய்யும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குள் ஓடவில்லை.

வாடகைச் சிற்றுந்து பாடி மேம்பாலத்தில் ஏறியபோதுதான் அவள் வாய் திறந்தாள்.

"மெஷின் மேல பழி போடாதீங்க. இடுப்புல இஞ்சி தட்டுற இரும்புக் குழவி இருந்துச்சு."

நான் புரியாமல் பார்த்தேன்.

"புடவைக்குள்ள சொருகிக்குவேன். அது பத்தாமப் போனப்ப பழைய கேட் பூட்டையும் சேர்த்துக்கிட்டேன். இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படிங்க எடுத்துட்டு வர்றது?"

ஓட்டுநர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"எதுக்கு இப்படிச் செஞ்சே?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"வெயிட் ஏறலைன்னா அன்னைக்குப் பூரா உங்க முகத்தைப் பார்க்க முடியலைங்க" என்றாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு வாய்ல வெச்சா இறங்க மாட்டேங்குது. நீங்க என் வாயையே பார்க்கறீங்க. அதனால இன்னும் இறங்க மாட்டேங்குது."

பொய்யான எடையைச் சுமந்து அவள் நின்ற ஒவ்வொரு காலையும் என் கண்முன் வந்து நின்றது. நோயுற்ற ஒருத்தி, தன் கணவன் முகம் வாடக்கூடாதென்று இரும்பைச் சுமந்திருக்கிறாள்.

அன்று மருத்துவமனையில், நான் பொறியின்மேல் ஏறி நின்றதைப் பார்த்த செவிலியர் என் கையில் ஒரு துண்டுத்தாள் கொடுத்திருந்தார். புற்றுநோயாளர்க்குத் துணையிருப்போருக்கான இணையவழி உளக்கவனப் பயிற்சி. திங்கள், புதன், வெள்ளி காலை பதினொரு மணிக்கு. "இது அம்மாவுக்கு இல்ல சார், உங்களுக்கு" என்று அழுத்திச் சொன்னார். எனக்கு என்ன நோய் என்று அப்போது சினம் கொண்டேன். வீட்டுக்கு வந்தபின் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து இருமுறை படித்தேன்.

வகுப்பு கைப்பேசித் திரையில் சிறு சிறு கட்டங்களாக விரிந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். நடத்தியவர் முப்பது அகவை கடந்த ஓர் உளவியலாளர், அமைதியான குரல். கண்ணை மூடி, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கச் சொன்னார். நான் முன்னறையில் மேசை போட்டு அமர்ந்திருந்தேன், மனைவி உள்ளறையில். பாடம் நடக்கும்போது குறிப்பெடுப்பது என் வழக்கம். ஆகவே, கண்ணை மூடச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு கட்டத்திலிருந்து குரல் எழுந்தது. ஆவடியில் ஆட்டோ ஓட்டுபவர். நிறுத்திய வண்டிக்குள்ளிருந்தே வகுப்பில் சேர்பவர். அவருடைய தாயாருக்கு வாயில் புற்று.

"இன்னா சார், மேடம் கண்ண மூடச் சொன்னா நீ பாட்டுக்கு எழுதிகினு கீறே? பரிச்சையா வைக்கப் போறாங்கோ?"

"நீங்க கண்ணை மூடியிருந்தா நான் எழுதுறது எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அட, மாட்னேன்" என்றார் அவர். எல்லாக் கட்டங்களிலும் சிரிப்பு எழுந்தது. பயிற்றுநரும் சிரித்துவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளறையிலிருந்து, "யாருங்க அது?" என்று மனைவி கேட்டாள்.

மூன்றாம் வகுப்புக்கு ஆளுக்கோர் உலர்திராட்சை எடுத்துவரச் சொல்லியிருந்தார் பயிற்றுநர். பாயசத்துக்கு வாங்கி அலமாரியின் அடியில் கிடந்த பொட்டலத்திலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தேன்.

"மேடம், திராட்ச இல்ல. மசாலாக் கடல கீது. நடக்குமா?" என்றார் ஆட்டோ ஓட்டுநர்.

"நடக்கும் அண்ணா. ஒண்ணே ஒண்ணுதான் ஆனா."

"ஒண்ணா? பொட்டலத்தப் பிரிச்சுட்டேனே!"

திராட்சையை முதன்முறை காண்பவரைப்போல் பார்க்கச் சொன்னார். சுருக்கங்களைத் தடவச் சொன்னார், முகரச் சொன்னார், பிறகு நாவின்மேல் வைத்துக் கடிக்காமல் இருக்கச் சொன்னார். "மனசு வேற எங்கயாவது போகும். எங்க போச்சுன்னு பாருங்க. திட்டாதீங்க. மெதுவா வாய்க்குள்ள இருக்கிற திராட்சைக்குக் கூட்டிட்டு வாங்க."

என் மனம் எங்கே போயிற்று என்று பார்த்தேன். உள்ளறைக்குப் போயிற்று. அங்கே அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் கரண்டி இடிக்கும் ஒலிக்கு என் செவி காத்திருந்தது. திரும்பக் கூட்டி வந்தேன். மீண்டும் அங்கேயே போயிற்று. வாயில் இருந்த பழத்தின் சுவையை நான் அறியவேயில்லை. இத்தனை நாளும் நான் உண்டது எதையும் அறியவில்லை என்பதும், அவளை ஒரு நொடியும் தனியே உண்ண விட்டதில்லை என்பதும் ஒருசேரத் தெரிந்தன.

முடிவில் அவரவர் கண்டதைச் சொல்லச் சொன்னபோது இதைச் சொன்னேன். குழவியையும் பூட்டையும்கூட மறைக்கவில்லை. எவரும் நகைக்கவில்லை.

ஆட்டோ ஓட்டுநர்தான் முதலில் பேசினார். "சார், எங்கம்மாக்கு வாயெல்லாம் புண்ணு. நான் எதுர குந்திகினு துன்னு துன்னுன்னா அது துன்னாது. அந்தாண்ட போய் வண்டியத் தொடச்சுகினு இருப்பேன். வந்து பாத்தா கிண்ணம் காலியா கீது. ஒரு ஆளு மொறச்சுப் பாத்துகினே இருந்தா யாருக்கு சார் எறங்கும்?"

பயிற்றுநர் எனக்கு ஒரே ஒரு பயிற்சி கொடுத்தார். நாளுக்கு ஒரு வேளை அமர்ந்து என் உணவை நான் உண்ண வேண்டும். என் தட்டில் இருப்பதை மட்டும் கவனிக்க வேண்டும். அவ்வளவே.

அன்று நண்பகல் மோர்ச்சோறு பிசைந்து, ஓர் அப்பளம் சுட்டு, உண்ணும் மேசையில் அமர்ந்தேன். அவளுக்கு எதிரே அல்ல, பக்கத்தில். தட்டைப் பார்த்தேன். மோரின் புளிப்பு முதலில் வந்தது, பிறகு உப்பு. அப்பளத்தை ஒடித்தபோது எழுந்த ஒலி அறை முழுதும் கேட்டது. அவள் பக்கம் ஓடிய கண்ணை இழுத்து வந்து அப்பளத்தின்மேல் வைத்தேன். ஐந்தாறு முறை அப்படி இழுத்திருப்பேன்.

"எனக்கொரு துண்டு குடுங்க" என்றாள். "இந்தக் கஞ்சியில கடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

ஒத்துக்கொள்ளுமா, மருத்துவரைக் கேட்க வேண்டாமா என்று நூறு சொற்கள் என் வாயருகே வந்தன. ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும்வரை பொறுத்தேன். பாதி அப்பளத்தை அவள் தட்டில் வைத்தேன். கடிக்கும் ஒலி கேட்டது. சற்றுப் பொறுத்து, மோர்ச்சோறும் ஒரு கை கேட்டாள். எத்தனை கவளம் உண்டாள் என்று எனக்குத் தெரியாது.

எடைப்பொறியைக் கீழ்வீட்டாரிடம் கொடுத்துவிட்டேன். குறிப்பேட்டை மூடினேன். எளிதாக நடந்தது என்று எழுதினால் அது பொய். எண் தெரியாத காலைகளில் எடைப்பொறி இருந்த மூலைக்கே என் கால்கள் போயின. ஏரிக்கரையில் நடக்கும்போது மூச்சைக் கவனிக்க முயன்று, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு என்று இறங்கும் எண்களையே கண்டேன். வகுப்பில் அதைச் சொன்னபோது, "பயம் வரும் ஐயா. வந்தா உட்காரட்டும். நீங்க எழுந்து அது பின்னாடி ஓடாதீங்க" என்றார் பயிற்றுநர். வீட்டில் மீண்டும் கடுகு வெடித்தது. அந்த மணம் பிடித்திருப்பதாக அவள் சொன்னபோது, எத்தனை வாரங்கள் அதை வீணே பறித்து வைத்திருந்தேன் என்று வெட்கினேன். புதிய மாத்திரையும் அதே வாரத்தில்தான் தொடங்கியது. அவளை உண்ணச் செய்தது எது என்று பிரித்துச் சொல்லும் அறிவு எனக்கில்லை.

இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையில் அவள் பெயரை அழைத்தபோது என்னால் உள்ளே போக முடியவில்லை. வெளியே நாற்காலியில் அமர்ந்து என் பாதங்கள் தரையில் படுவதைக் கவனித்தேன். தரை குளிர்ந்திருந்தது. கதவு திறந்தது.

"ஐம்பது புள்ளி எட்டு" என்றாள். "ஊசி இன்னைக்கே போடறாங்களாம்."

நான் எழுந்து அவளருகே போனேன். தோள்களில் பல நாளாக ஏறியிருந்த இறுக்கம் இறங்குவது உண்மையாகவே தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மருந்துப்பை தொங்கி முதற்சொட்டு இறங்கியதும் வழக்கம்போல் கட்டிலருகே நின்றேன். "போய் சாப்பிட்டுட்டு வாங்க. இங்க நின்னு சொட்டு எண்ணாதீங்க" என்றாள். போனேன். கீழ்த்தளத்துச் சிற்றுண்டியகத்தில் இரண்டு இட்டலியை அரைமணி நேரம் உண்டேன். அந்த அரைமணி நேரமும் அவள் நான் இல்லாமலே நலமாக இருந்தாள். திரும்பி வந்தபோது உறங்கிக்கொண்டிருந்தாள்.

எஞ்சிய மருந்தேற்றங்கள் தடையின்றி முடிந்தன. அண்மையில் எடுத்த படத்தில் நோயின் சுவடு இல்லை என்றார்கள். மூன்று திங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ ஓட்டுநரின் தாயாருக்கு மருத்துவம் தொடர்கிறது. இப்போது பாலில் நனைத்த இட்டலி உண்கிறாராம். மகன் வகுப்பில் சொன்னது.

நான் மருத்துவம் கற்றவன் அல்லன். எடைக்கும் மருந்துக்குமான தொடர்பை என் அறிவுக்கு எட்டியவாறே சொல்லியிருக்கிறேன். என் வலச்செவி மந்தம்; கைப்பேசி வழியே கேட்ட சொற்களில் சில மாறியிருக்கலாம். வகுப்பில் உடனிருந்தோரும், மருத்துவம் அறிந்தோரும், இத்தகைய துணைப்பணியில் இன்று இருப்போரும் இதிற் காணும் பிழைகளைத் தயங்காமல் எனக்கு எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன்.